கண்ணாடி உடைச்சவனுக்கு ஒண்ணும் ஆகல, மூட்டை தூக்கினவனுக்கு 14 தையல்

சம்மட்டி · திங்கள், இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். இடிப்பு வேலை எடுத்துச் செய்ற சின்ன டீம்ல சூப்பர்வைசரா இருக்கேன், மொத்தமே ஏழு பேருதான். போன வாரம் ஒரு பழைய ஆபீஸ் தளத்தை காலி பண்ணிக் கொடுக்கணும், ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன், ஜன்னல் எல்லாம் பிரிக்கிற வேலை. ஜன்னல் பூரா சாதா கண்ணாடி, பார்ட்டிஷன்ல பாதி டஃபன் கிளாஸ், அதாவது சூடு பண்ணி பலமாக்குன கண்ணாடி. உடைக்கிற அன்னிக்கு ஒருத்தனுக்கும் ஒரு கீறல்கூட இல்ல, நானே ஆச்சரியப்பட்டேன்.

மறுநாள் சுத்தம் பண்றப்போதான் வந்துச்சு வினை. கண்ணாடி பக்கமே போகாத ஒரு பையன், கட்டி வச்சிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பையை ஒரு கையில தூக்கிட்டு படி இறங்கியிருக்கான், பை தொடையில உரசிக்கிட்டே வந்திருக்கு, உள்ள இருந்த ஒரு சில்லு பையைக் கிழிச்சு பேன்ட்டைக் கிழிச்சு முட்டிக்கு மேல ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துருச்சு. அவனுக்கு முதல்ல வலிக்கவே இல்லையாம். பையில ஏதோ தண்ணி ஒழுகுதுன்னு நினைச்சிருக்கான், ஷூவுக்குள்ள சூடா இறங்கி கால் வழுக்கினப்போதான் குனிஞ்சு பார்த்திருக்கான். 14 தையல். பெரிய ரத்தக் குழாய்க்கு விரல்கடை தூரத்துல தப்பிச்சதுன்னு சொன்னாங்க.

அவன் கையில கிளவுஸ் இருந்துச்சு, தலையில ஹெல்மெட் இருந்துச்சு. எனக்கும் வியாழக்கிழமை மோதிர விரல்ல ஒரு சின்ன வெட்டு, ஃப்ரேம்ல பல்லு மாதிரி ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டைப் பிடுங்குறப்போ, ரெண்டு தையலோட போச்சு, அதை விடுங்க. கேள்வி என்னன்னா நல்ல கிளவுஸ் எது, எந்த லெவல் வாங்கணும்? விக்கிறவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

லெவல்பைப் · திங்கள், இரவு 10:15

30 வருஷமா வெறுங்கையிலதான் கண்ணாடி எடுக்குறேன் தம்பி. கிளவுஸ் போட்டா பிடி இருக்காது, நழுவும், நழுவினாத்தான் வெட்டும். விளிம்பு எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியணும். என் கையில தழும்பு இருக்கு, இல்லன்னு சொல்லல, இடது கை சுண்டு விரல் கொஞ்சம் மடங்காது, அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பசங்க கையையும் பார்க்க மாட்டாங்க காலையும் பார்க்க மாட்டாங்க, கிளவுஸ் மேல பழியைப் போடுவாங்க.

ரூல்புக் · திங்கள், இரவு 10:48

லெவல்பைப் அண்ணே சொல்றதுல பாதி நிஜம். மெத்து மெத்துன்னு இருக்கிற பருத்தி கிளவுஸும் பெரிய சைஸ் தோல் கிளவுஸும் கண்ணாடிக்கு லாயக்கே இல்ல, நழுவத்தான் செய்யும். ஆனா இப்ப வர்ற கிளவுஸ் வேற, உள்ளங்கைப் பக்கம் மணல் மாதிரி சொரசொரன்னு நைட்ரைல் ரப்பர் பூசியிருக்கும், பிடி நல்லா கிடைக்கும்.

சம்மட்டி, கிளவுஸ் பின்பக்கம் ஒரு சுத்தியல் படம் போட்டு ஈ.என். 388னு ஐரோப்பிய தரக் குறி அச்சடிச்சிருக்கும், அதுக்குக் கீழ 4எக்ஸ்43டி அப்படின்னு ஏதாவது இருக்கும். விக்கிறவங்க முதல் நம்பரைக் காட்டி "நாலாம் லெவல் சார்"னு சொல்லுவாங்க, அது தேய்மானத்துக்கான நம்பர், வெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க பார்க்க வேண்டியது அஞ்சாவதா வர்ற எழுத்து, ஏ-ல இருந்து எஃப் வரைக்கும். ஏ-ன்னா 2 நியூட்டன் விசைக்குத் தாங்கும், டி-ன்னா 15, எஃப்-ன்னா 30. உடைஞ்ச கண்ணாடி வேலைக்கு டி-க்குக் கீழ போகாதீங்க, முழுத் தகடு தூக்குறவங்களுக்கு இ இல்ல எஃப். அமெரிக்க கணக்குல ஏ1 முதல் ஏ9 வரைக்கும் இருக்கும், அதுல ஏ5, ஏ6 பக்கம் பாருங்க. இந்த ஏ வேற, மேல சொன்ன ஏ வேற, இதுலதான் பாதிப்பேர் குழம்புறாங்க.

அப்புறம் முக்கியமா, வெட்டுக்குத் தாங்குற கிளவுஸ் குத்துக்குத் தாங்காது. பின்னல் துணிதானே, ஊசி மாதிரி சில்லு இழைக்கு நடுவுல நேரா உள்ள போயிரும். குத்துக்கு நாலாவது நம்பர், மேல சொன்னதுல 3. அதையும் பெருசா நம்ப வேண்டாம், அந்த டெஸ்ட்ல குத்துறது கொஞ்சம் மொத்தமான முனை, ஊசிச் சில்லு இல்ல. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தனியா ஸ்லீவ் வாங்கிப் போடுங்க, மணிக்கட்டு உள்பக்கம் வெட்டுனா ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் ஒரே இடத்துலதான் இருக்கு.

கூடவே ஒண்ணு: கிளவுஸ் பூச்சுல சின்னச் சில்லு ஒட்டிக்கும், அதே கையால நெத்தி வேர்வையைத் துடைப்பாங்க. மீதியை சொல்லத் தேவையில்ல.

விளக்கமாறு · செவ்வாய், காலை 6:20

எல்லாரும் கையைப் பத்தியே பேசுறீங்களே, அந்தப் பையனுக்கு வெட்டு விழுந்தது தொடையில இல்லையா?

நான் கட்டட வேலை முடிஞ்சப்புறம் சுத்தம் பண்ணி ஒப்படைக்கிற வேலையில இருக்கேன், என்கூட ஒன்பது பொம்பளைங்க. எங்களுக்கு நடக்குற வெட்டெல்லாம் எவனோ உடைச்சிட்டுப் போன கண்ணாடியாலதான். உடைக்கிறவனுக்கு கண்ணாடி எங்க கிடக்குன்னு தெரியும், அவன் கண்ணு முன்னாடிதான் உடைஞ்சுது. அடுத்த நாள் வர்றவளுக்கு என்ன தெரியும்? ஜிப்சம் தூளுக்கு அடியில ஒரு துண்டு, மடக்கி வச்ச சாக்குக்குள்ள ஒரு துண்டு, பைக்குள்ள எதுன்னே தெரியாம ஒரு துண்டு. சம்மட்டி தம்பி, அந்தப் பையைக் கட்டுனவன் யாருன்னு பாருங்க, அவன்கிட்ட இருந்துதான் கதை ஆரம்பிக்குது.

கண்ணாடிய பிளாஸ்டிக் பையில போடவே கூடாது. பேச்சுக்கே இடமில்ல. ரெண்டு பை மூணு பை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டாலும் அதே கதைதான். ட்ரம், பெயிண்ட் வாளி, மரப்பெட்டி, எதுவா இருந்தாலும் பக்கம் கெட்டியா இருக்கணும், அதுல கண்ணாடி மட்டும்தான் விழணும், வேற குப்பை சேர்ந்தா யாராவது ஒருத்தர் கையை விட்டுக் கிளறுவாங்க. வெளியே பெருசா "உடைஞ்ச கண்ணாடி"ன்னு எழுதணும். பாதிக்கு மேல நிரப்பக் கூடாது. நிறைஞ்சிருச்சுன்னு காலால மிதிச்சு அமுக்குறவனை நான் என் கண்ணால பார்த்திருக்கேன், செருப்போட.

கண்ணாடி எடை யாருக்கும் தெரியறதில்ல. ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. 1 மீட்டருக்கு 1.2 மீட்டர் இருக்கிற 5 மில்லி ஜன்னல் கண்ணாடி ஒண்ணே 15 கிலோ. நாலு ஜன்னலை ஒரு பையில போட்டா 60 கிலோ, அதை எவன் உடம்புல ஒட்டாம தள்ளிப் பிடிச்சுத் தூக்குவான்? உடம்போட அணைச்சுத்தான் தூக்குவான்.

கூட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு. பெரிய துண்டை முதல்ல இடுக்கியாலயோ கிளவுஸ் கையாலயோ ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுட்டு, அப்புறம் கெட்டித் துடைப்பமும் தகர முறமும். லேசா தண்ணி தெளிச்சுக்கிட்டா தூசி கிளம்பாது. கம்ப்ரசர் காத்து அடிச்சு ஊதுறவங்களைக் கண்டா எனக்குக் கோபம் வரும், சில்லு எல்லாம் அடுத்தவன் கண்ணுக்குப் போகும். வீட்டு வேக்கம் கிளீனரும் வேண்டாம், ஹோஸும் உள்ள இருக்கிற பையும் கிழிஞ்சிரும். கடைசியில லைட்டை எல்லாம் அணைச்சிட்டு டார்ச்சைத் தரையோட தரையா சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, சுத்தம்னு நினைச்ச இடம் நட்சத்திரம் மாதிரி மின்னும். அதை ஈரப் பேப்பர் வச்சு ஒத்தி எடுக்கணும். மாப் போடுற துணியால எடுக்காதீங்க, எங்க ஆளு ஒருத்தி அந்தத் துணியைப் பிழிஞ்சு உள்ளங்கையில வாங்கிக்கிட்டா. துணிக்குள்ள இருந்தது கண்ணுக்கே தெரியாத அளவுதான்.

பீடிங் · செவ்வாய், காலை 8:05

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. கண்ணாடிய ஏன் உடைக்கணும்? நான் ஜன்னல், பார்ட்டிஷன் மாட்டுற ஆளு. மாட்டுனதைக் கழட்ட முடியும். கண்ணாடிய ஓரத்துல பிடிச்சு நிக்கிற பீடிங் சட்டத்தை நெம்பி எடுத்தா, இல்ல பழைய பட்டியைச் சுரண்டி எடுத்தா முழுசா வந்துரும். பத்து ஜன்னல்ல எட்டு முழுசா வரும், ரெண்டுதான் முரண்டு பிடிக்கும். (ரொம்பப் பழைய கட்டடம்னா அந்தப் பட்டியில ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, காய்ஞ்ச பட்டியை கிரைண்டர் வச்சு தூளாக்காதீங்க.) சம்மட்டி எடுத்து ஒரே போடா போடுறது பார்க்க வேகமாத்தான் இருக்கும், அந்த ஒரு போடு மிச்சப்படுத்துற நேரத்தை அக்கா டீம் ரெண்டு நாள் குனிஞ்சு பொறுக்கித் தீர்க்கும்.

முரண்டு பிடிக்கிற கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுற ஃபிலிம், கிடைக்கலைன்னா அகல டேப்பை நெருக்கமா ஒட்டி, பின்னாடி தார்ப்பாய் கட்டி, அப்புறம் உடைங்க. உடைச்சா மேல இருந்து ஆரம்பிங்க. கீழ உடைச்சிட்டு மேல தொங்குற துண்டை அப்படியே விட்டா அது கத்தி மாதிரி இறங்கும், யாரு குனிஞ்சிருக்கான்னு பார்க்காது. ஃப்ரேம்ல நிக்கிற பல்லை சம்மட்டி தம்பி கையால பிடுங்கிருக்காரு, அது பிளையர் வச்சு ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியது.

பட்டறையில புதுசா வர்றவனுக்கு நாங்க முதல் நாள் சொல்லித் தர்றது ஒண்ணே ஒண்ணு: விழுற கண்ணாடியப் பிடிக்காதே. கையை எடு, பின்னாடி போ. சொல்றது சுலபம், உடம்பு கேக்காது, எது விழுந்தாலும் கை தானா நீளும்.

புதுசு · செவ்வாய், காலை 9:31

பீடிங் அண்ணா, டேப்பை பெருக்கல் குறி மாதிரி ஒட்டினா போதாதா? எங்க சைட்ல அப்படித்தான் பண்றாங்க. டஃபன் கிளாஸ் பொடிப்பொடியா உடையும் வெட்டாதுன்னு வேற சொல்றாங்க, அது நிஜமா?

பீடிங் · செவ்வாய், மதியம் 1:12

பெருக்கல் குறி சும்மா மனசுக்கு தைரியம். உடையறதை அது தடுக்காது, டேப்புல ஒட்டுன துண்டு நிக்கும், நடுவுல நாலு முக்கோணமா இருக்கே அந்தத் துண்டுங்க விழும், அதுதான் பெரிய துண்டு.

டஃபன் பத்தி. சாதா கண்ணாடிய சூடு பண்ணி, மேல்பரப்பை மட்டும் காத்தடிச்சு சட்டுனு குளிர வைப்பாங்க. மேல்தோல் இறுகிப்போய் அமுங்கி நிக்கும், உள்பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கும். அதனால நாலு மடங்கு பலம், ஆனா எங்கயாவது ஒரு இடத்துல தோல் கிழிஞ்சா உள்ள அடைஞ்சு கிடக்கிற விசை மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வரும். பொடி ஜல்லி மாதிரி கொட்டும். கண்ணாடியோட நடுப்பரப்புல அடிச்சா தாங்கிக்கும், ஓரத்துல, மூலையில லேசா இரும்பு பட்டாலே போயிரும். அதைத் துண்டாக்கலாம்னு கிரைண்டர் வச்சவன் ஒருத்தனை எனக்குத் தெரியும், சத்தம் கேட்டு அடுத்த ரூம்ல இருந்து ஓடி வந்தோம், அவன் கிரைண்டரோட நிக்கிறான், கண்ணாடியக் காணோம். கண்ணுக்கு கண்ணாடி போட்டிருந்தான், பிழைச்சான்.

பொடித் துண்டு ஆழமா வெட்டாது, கீறும். ஆபத்து என்னன்னா எல்லாம் உடனே பிரியாது. தலை அளவுக்கு, அதுக்கும் மேல, கட்டி கட்டியா சேர்ந்தே விழும், உயரத்துல இருந்து விழுந்தா கல்லு விழுற மாதிரிதான். லேமினேட்டட் வேற கதை, நடுவுல பிளாஸ்டிக் ஷீட் இருக்கிறதால உடைஞ்சாலும் தொங்கும், ஆனா முழு எடையும் அப்படியே இருக்கும், பாதி அறுத்ததும் மடங்கி மேல சாயும். கம்பி வலை வச்ச பழைய கண்ணாடி பார்த்திருப்பீங்க, அது வலுவானதுன்னு நிறைய பேர் நினைப்பு. வலு கிடையாது, கம்பி துண்டைப் பிடிச்சு வைக்கும், வெட்டுன கம்பி முனை சதையையும் பிடிச்சு வைக்கும்.

டஃபனா சாதாவான்னு தெரியலைன்னா ஓரத்துல முத்திரை இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, டஃபனா இருந்தா திட்டுத் திட்டா நிழல் தெரியும்.

முழுசா கழட்டுனதை எங்க சாய்ச்சு வைக்கிறீங்கன்னும் பாருங்க. 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், 6 மில்லி, ஒண்ணு 45 கிலோ. பத்து தகடு சேர்ந்தா 450 கிலோ. செங்குத்தா வச்சு முன்பக்கம் சரிஞ்சா வெட்டெல்லாம் இல்ல, நசுக்கல்தான். தனி ஆளா அதைத் தாங்கலாம்னு நினைச்சு கை நீட்டினவங்க செத்துப் போயிருக்காங்க.

தையல்ஊசி · செவ்வாய், மதியம் 2:40

அவசரப் பிரிவுல நர்ஸா இருக்கேன். இழையை முழுசா படிச்சேன், ஒரு இடத்துல நின்னுட்டேன். சம்மட்டி, உங்க மோதிர விரல் நுனி மடங்குதா?

விரல் மொத்தமா மடங்குதான்னு கேக்கல. அடுத்த கையால அந்த விரலோட நடு மூட்டை நீட்டமா பிடிச்சுக்கிட்டு நகம் இருக்கிற கடைசி மூட்டை மட்டும் மடக்கிப் பாருங்க. பலம் கொடுக்காம, மெதுவா. அப்புறம் கையை மேசை மேல மல்லாத்தி தளர விடுங்க. எல்லா விரலும் கொஞ்சம் கொஞ்சமா சுருண்டு நிக்கணும், ஒண்ணு மட்டும் விறைச்சு நீட்டிக்கிட்டு இருக்கா? வெட்டைத் தாண்டி நுனிப் பக்கமா, விரலோட ரெண்டு பக்கமும் தொட்டா ஒரே மாதிரி உணர்ச்சி இருக்கா?

சம்மட்டி · செவ்வாய், மதியம் 3:05

நுனி மடங்கல. வீக்கம்னு நினைச்சு விட்டுட்டேன். நடு மூட்டு மடங்குது, அதனால கையை மூடினா மூடின மாதிரிதான் தெரியுது. மல்லாத்தி வச்சா அந்த விரல் மட்டும் நேரா நிக்குது, நீங்க சொன்னப்புறம்தான் கவனிச்சேன். சுண்டு விரல் பக்கமா மரத்துப் போன மாதிரி இருக்கு, தையலுக்குப் போட்ட மரப்பு ஊசி இன்னும் இறங்கலன்னு நினைச்சேன்.

தையல்ஊசி · செவ்வாய், மதியம் 3:11

அஞ்சு நாளைக்கு மரப்பு ஊசி நிக்காது. இன்னிக்கே கிளம்புங்க, கைக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு. நீங்க பழைய இடத்துக்கே போனா "தையல் நல்லா ஆறுது"ன்னு அனுப்பிருவாங்க.

நாம நரம்புன்னு ஒரே பேருல ரெண்டைச் சொல்றோம். உணர்ச்சி கொண்டு போறது நரம்பு, விரலை இழுத்து மடக்குற கயிறு தசைநாண். விரலுக்கு ரெண்டு கயிறு, ஒண்ணு நடு மூட்டு வரைக்கும், இன்னொண்ணு நுனி வரைக்கும். நுனிக் கயிறு மட்டும் அறுந்தா கை பாக்க சரியாத்தான் இருக்கும், அதான் தப்பிப் போகுது. கண்ணாடி வெட்டு வெளிய சின்னதா இருக்கும், உள்ள எவ்வளவு தூரம் போச்சுன்னு தோலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அறுந்த முனை ரப்பர் மாதிரி உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போகும், நாளாக நாளாக இழுத்துச் சேர்க்கிறது கஷ்டம். முதல் வாரம் பத்து நாளுக்குள்ள பண்ணிட்டா நல்லது.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, வெட்டினது கண்ணாடின்னு வாயைத் திறந்து சொல்லுங்க. கண்ணாடி எக்ஸ்ரேல தெரியாதுன்னு ஒரு நம்பிக்கை எல்லா இடத்துலயும் இருக்கு, ஈயம் கலந்த கண்ணாடிதான் தெரியும்னு. தப்பு. 2 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா சாதா கண்ணாடியே அநேகமா தெரிஞ்சிரும், ரொம்பப் பொடியா இருந்தாத்தான் தப்பும். மோதிரம் இருந்தா இப்பவே கழட்டுங்க. போற வழியில எதுவும் சாப்பிடாதீங்க, உடனே ஆபரேஷன்னு சொன்னாலும் சொல்லுவாங்க.

லெவல்பைப் · செவ்வாய், மாலை 6:30

ரெண்டு தையல் காயத்துக்கு ஆபரேஷனா. சரி, படிச்சவங்க சொல்றீங்க. ஒரு சந்தேகம், டியூப்லைட் கண்ணாடி வெட்டுனா விஷம், ஆறவே ஆறாதுன்னு எங்க மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. அதுவும் பொய்யா?

ரூல்புக் · செவ்வாய், இரவு 8:17

பொய் இல்ல அண்ணே, காலாவதியான நிஜம். பழைய டியூப்லைட்ல உள்பக்க வெள்ளைப் பூச்சுல பெரிலியம்னு ஒரு உலோகம் கலந்திருந்துச்சு, அது காயத்துல போனா கட்டி கட்டியா வந்து ஆறாம இழுக்கும். 1949லயே அமெரிக்கக் கம்பெனிகள் அதை நிறுத்திட்டாங்க. பூச்சு மாறிருச்சு, பேச்சு மட்டும் மேஸ்திரிக்கு மேஸ்திரி கைமாறி இன்னும் ஓடுது.

இப்ப இருக்கிற ஆபத்து பாதரசம். உடைஞ்ச டியூப்லைட்டைத் துடைப்பத்தால கூட்டக் கூடாது, வேக்கமும் கூடாது, ரெண்டும் பாதரசத்தைக் கிளப்பிவிடும். ஜன்னலைத் திறந்துட்டு 10 நிமிஷம் எல்லாரும் வெளிய போயிட்டு, அப்புறம் கெட்டி அட்டையால வழிச்சு, பொடியை டேப்பால ஒத்தி எடுத்து, மூடி போட்ட டப்பாவுல. சீலிங் பிரிக்கிறதுக்கு முன்னாடியே டியூப்பை எல்லாம் முழுசா கழட்டி வச்சிட்டா இந்த வேலையே இல்ல.

இன்னொண்ணு, கண்ணாடித் தூசியை மூச்சுல இழுத்தா சிலிக்கோசிஸ்ங்கிற நுரையீரல் வியாதி வரும்னு சொல்லுவாங்க. கண்ணாடி மணல்ல இருந்து வந்தாலும் உருகி உறைஞ்சப்புறம் அதுல படிகம் கிடையாது, நுரையீரலைக் கெடுக்குறது படிகச் சிலிக்கா. மூக்கு தொண்டை எரியும், அந்த வியாதி வராது. ஆனா அதே ரூம்ல பறக்குற கான்கிரீட், செங்கல் தூசியில படிகச் சிலிக்கா நிறைய இருக்கு, அதனால மாஸ்க்கைக் கழட்டிராதீங்க.

கண்ணாடிய ஏன் உடைக்கணும்னு பீடிங் கேட்டதுக்கு வர்றேன். அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கிற ஓஷா அமைப்போட இடிப்பு வேலை விதி 1926.850ல இதுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கு, கண்ணாடி சிதறுற ஆபத்து இருக்கிற இடத்துல அந்த ஆபத்தை அகற்றணும்னு. கிளவுஸ் போட்டுக்கோன்னு அந்த வரியில இல்ல. இடிக்கத் தொடங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஏற்பாடுகளோட வரிசையிலதான் அது வருது.

அரைக்கண் · புதன், காலை 7:44

பேரைப் பார்த்தாலே புரிஞ்சிருக்கும். நான் கண்ணாடி உடைக்கவே இல்லைங்க. டைல்ஸ் கொத்திக்கிட்டு இருந்தேன், கண்ணுக்குக் கண்ணாடி இருந்துச்சு, வேர்வையில மங்கிருச்சுன்னு நெத்திக்கு ஏத்தி விட்டேன். ஒருத்தன் ரெண்டு ஆள் தள்ளி நின்னு கண்ணாடி பார்ட்டிஷனை சுத்தியால தட்டினான். ஏதோ தூசு விழுந்த மாதிரிதான் இருந்துச்சு. கசக்கினேன். நல்லா கசக்கினேன். அப்புறம் பைப்படியில போய் தண்ணி அடிச்சுக் கழுவினேன். ரெண்டு நாள் கழிச்சுதான் டாக்டர்கிட்ட போனேன். இப்ப அந்தக் கண்ணுல வெளிச்சமும் நிழலும்தான்.

உடைக்கிறவன் மட்டும் முகத்துக்கு ஷீல்டு போட்டுக்கிட்டு பக்கத்துல இருக்கிறவனை விட்டுர்றான், இது எல்லா சைட்லயும் நடக்குது. அதான் எழுதினேன்.

தையல்ஊசி · புதன், காலை 8:20

படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல அண்ணா.

மத்தவங்களுக்காக. கண்ணுல மேலாப்புல தூசு மாதிரி விழுந்தா கசக்காம சுத்தத் தண்ணி நிறைய விட்டுக் கழுவலாம். குத்தின மாதிரி வலி, பார்வை மங்கல், கருவிழி வடிவம் மாறினது, எதுவோ நிக்கிறது தெரியுது, இதுல எது இருந்தாலும் கழுவாதீங்க, அமுக்காதீங்க, சொட்டு மருந்து விடாதீங்க. பேப்பர் கப்போட அடிப்பாகம் மாதிரி ஏதாவது கண்ணைத் தொடாம குழிவா மேல வச்சு ஒட்டி, உடனே கண் ஆஸ்பத்திரி. நல்லா இருக்கிற கண்ணையும் அங்க இங்க ஓட்டாம இருக்கணும், ஒண்ணு திரும்பினா இன்னொண்ணும் கூடவே திரும்பும்.

வெட்டுக்கும் சொல்லிர்றேன். சும்மா வெட்டுன்னா சுத்தத் துணியை வச்சு நேரா அழுத்தணும், பத்து நிமிஷம், நடுவுல நடுவுல எடுத்துப் பார்க்காம. துண்டு உள்ள நிக்குதுன்னா பிடுங்காதீங்க, பல நேரம் அதுதான் அடைப்பா இருக்கும். ரெண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அணை கொடுத்து அதுக்கு மேல கட்டுங்க. கை கால்ல பீச்சி அடிக்குது, அழுத்தியும் நிக்கல, உயிர் போற மாதிரி இருந்தா மட்டும் காயத்துக்கு மேல, உடம்புப் பக்கமா, அகலப் பட்டையா இறுக்கிக் கட்டுங்க, கட்டின மணியை எழுதி வைங்க, நீங்களா அவிழ்க்காதீங்க. மெல்லிசு கயிறு, ஒயர் வேண்டாம். இடிபாட்டு வெட்டு அழுக்கு வெட்டுதான், கடைசி டிடி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடுவாங்க.

சம்மட்டி · சனி, மாலை 5:26

இடது கையில ஒவ்வொரு எழுத்தா குத்துறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

தையல்ஊசி அக்கா சொன்னது அப்படியே. நுனிக் கயிறு முழுசா அறுந்து முனை உள்ளங்கைக்குள்ள போயிருச்சு. ஒரு பக்க நரம்பும் வெட்டு. எக்ஸ்ரேல நெல் அளவுக்கு ஒரு சில்லு பளிச்சுன்னு தெரிஞ்சுது, அதை உள்ள வச்சேதான் ரெண்டு தையல் போட்டிருக்காங்க. புதன்கிழமை ஆபரேஷன் முடிஞ்சுது. முழங்கைக்குக் கீழ இருந்து விரல் நுனி வரைக்கும் கட்டு, விரலை நானா மடக்கவே கூடாதாம், பிசியோ சொல்ற மாதிரி மட்டும் அசைக்கணும், கனமான வேலைக்கு 12 வாரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "அன்னிக்கு உங்களை விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தாங்களா"ன்னுதான். யாரும் சொல்லல, நானும் அவசரமா சைட்டுக்குத் திரும்பணும்னு நின்னேன்.

விளக்கமாறு அக்கா, பையைக் கட்டுனது யாருன்னு கேட்டீங்க. நான்தான். லாரி வந்து நிக்குதுன்னு கையில கிடைச்ச பையில எல்லாத்தையும் வாரிப் போட்டுக் கட்டினேன். அந்தப் பையனை வீட்டுல போய்ப் பார்த்துச் சொல்லிட்டேன், அவன் ஒண்ணும் சொல்லல. விபத்துப் பதிவேட்டுலயும் அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன், என் பேரைப் போட்டு.

லெவல்பைப் · சனி, இரவு 9:03

தையல்ஊசி அம்மா, நீங்க சொன்ன மாதிரி சுண்டு விரலை நடு மூட்டுல பிடிச்சு மடக்கிப் பார்த்தேன். நுனி அசையல. 18 வருஷம் ஆச்சு. இனிமே எதுவும் பண்ண முடியாதில்ல?

தையல்ஊசி · சனி, இரவு 9:40

அந்தக் கயிற்றை நேரா இழுத்துக் கட்டுறதுக்கு காலம் தாண்டிருச்சு ஐயா. வேற இடத்துக் கயிற்றை எடுத்து வைக்கிற ஆபரேஷன் உண்டு, ஆனா ஒரு நுனி மட்டும்னா, பிடிக்கு இடைஞ்சல் இல்லன்னா, பெரும்பாலும் அப்படியே விடச் சொல்லுவாங்க. ஒருதடவை காட்டிட்டு வாங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

விளக்கமாறு · ஞாயிறு, காலை 6:12

சம்மட்டி தம்பி, உடம்பைப் பார்த்துக்கோங்க. அடுத்த சைட்டுக்கு ட்ரம் ஏற்பாடு பண்ணியாச்சா இல்லையா?

சம்மட்டி · ஞாயிறு, காலை 10:50

ஆறு வாளி, ரெண்டு ட்ரம் அக்கா. பாதியில சிவப்பு பெயிண்ட்ல கோடு போட்டு, அதுக்கு மேல நிரப்பாதேன்னும் எழுதியாச்சு. நேத்து போய்ப் பார்த்தா ஒரு வாளியில கோட்டுக்கு மேல நாலு விரல் உயரத்துக்கு கண்ணாடி நிக்குது, கேட்டா "கோடு உள்பக்கம் தெரியல அண்ணே"ங்கிறான். வெளிப்பக்கம்தான் போட்டிருந்தோம். இன்னிக்கு உள்பக்கம் போடுறோம். படியில இறக்குறதுக்கு என்ன பண்றீங்க நீங்க, ரெண்டு பேர் பிடிக்கிற மாதிரி ஏதாவது தூக்கி இருக்கா?

விளக்கமாறு · ஞாயிறு, காலை 11:15

படியில தூக்கவே மாட்டோம். லிஃப்ட் இருந்தா தள்ளுவண்டி, இல்லன்னா வெளிப்பக்கம் கப்பி போட்டு மூடி இறுக்கின வாளியை ஒவ்வொண்ணா இறக்குவோம், கீழ கயிறு கட்டி யாரையும் நிக்க விடாம. மூடிக்கு பழைய டிஸ்டெம்பர் வாளி மூடி அப்படியே பொருந்தும், தூக்கிப் போட்டுராதீங்க.